அம்மாவின் பிரஷரைக் குறைத்தது மருந்தா, முன்வளவு ஆச்சியா?

குளக்கட்டு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே தாதிமார், வாத்திமார், கமக்காரர், வெளிநாட்டில் இருப்பவர்கள் என்று எல்லா வகை ஆட்களும் இருப்பதால் துணிந்து கேட்கிறேன்.

அம்மாவுக்கு 71 வயது. விசுவமடுப் பக்கம், வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீட்டில் தனியாக இருக்கிறார். அப்பா 2014இல் போய்விட்டார். தங்கச்சி கலியாணம் முடித்து மன்னாரில். எனக்கு வவுனியாவில் வேலை, இரண்டு கிழமைக்கு ஒருக்கால் போய்ப் பார்ப்பேன். இடப்பெயர்வுக்கு முன்பு எங்கள் ஒழுங்கையில் பன்னிரண்டு வீடு. திரும்பி வந்தது மூன்று வீட்டார். மற்ற வளவுகள் பற்றையாகவோ, பூட்டிய கேற்றாகவோ கிடந்தன.

அம்மாவுக்கு ஐந்தாறு வருசமாகப் பிரஷர். போன வருசம் முழுக்க கிளினிக் கொப்பியில் 170, 180 என்றுதான் எழுதியிருக்கிறது. குளிசையைக் கூட்டினார்கள். பிறகு வேறொரு குளிசையும் சேர்த்தார்கள். இறங்கவே இல்லை. இந்த வருசம் தைக்குப் பிறகு 140க்குக் கீழே வந்து, மூன்று மாதமாக அப்படியே நிற்கிறது. கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன், மருந்தில் ஒரு மாற்றமும் இல்லை.

மாறியது ஒன்றே ஒன்று. முன்வளவில் ஒரு குடும்பம் வந்து குடியேறியது. அந்த வீட்டில் ஓர் ஆச்சி. இரண்டு பேருக்கும் ஒரே நாளில் கிளினிக். விடிய நாலரைக்கு எழும்பி, டோர்ச் அடித்துக்கொண்டு நம்பர் எடுக்க ஒன்றாகப் போகிறார்கள். பின்னேரம் எங்கள் விறாந்தையில் வெற்றிலை இடித்துக்கொண்டு உலகத்தைத் திருத்துகிறார்கள்.

ஆள் பேச்சுத்துணையால் பிரஷர் இறங்குமா? அல்லது நான்தான் விசர்க்கதை கதைக்கிறேனா?


பழைய தாதி எழுதியது:

விசர்க்கதை இல்லை தம்பி. 33 வருசம் வார்டிலும் கிளினிக்கிலும் நின்றவள் சொல்கிறேன். முதலில் வெற்றிலைக்குள் புகையிலை வைக்க வேண்டாம் என்று இரண்டு பேருக்கும் சொல்லிவிடுங்கள்.

இது உலகம் முழுக்கப் பார்க்கப்பட்ட விஷயம். கலிபோர்னியாவில் அலமீடா என்ற மாவட்டத்தில் கிட்டத்தட்ட 7,000 பேரை ஒன்பது வருசம் தொடர்ந்து கவனித்தார்கள். பெர்க்மன், சைம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1979இல் முடிவை வெளியிட்டார்கள். கலியாண உறவு, சொந்தபந்தம், சினேகிதம், கோயில், சங்கம் என்று எந்தத் தொடர்பும் குறைவாக இருந்தவர்கள், தொடர்பு அதிகமாக இருந்தவர்களை விட இரண்டு மடங்குக்கு மேல் செத்தார்கள். புகை, குடி, உடம்பு நிலை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது.

ஆனால் எனக்கு அந்தக் கணக்கை விட, தனியாக இருக்கும் ஆச்சிமாரின் குசினிதான் கண்ணுக்குள் நிற்கிறது. போய்ப் பாருங்கள். «ஒருத்திக்கு எதுக்குப் பிள்ளை உலை வைக்கிறது» என்பார்கள். ஒருநாள் வைத்த கருவாட்டுக் குழம்பு மூன்று நாளைக்கு ஓடும். அல்லது பாணும் பிளேன்ரீயும். மோர்மிளகாய், ஊறுகாய். எல்லாம் உப்பு. முன்வீட்டில் ஆள் இருந்தால் ஒரு கோப்பை முருங்கையிலை வறை இந்தப் பக்கம் வரும், ஒரு கோப்பை கத்தரிக்காய் அந்தப் பக்கம் போகும். வெறும் கோப்பையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பதற்காகவே அடுப்பு மூட்டுவார்கள். பிரஷருக்கு அது போதும், பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று. அம்மாவிடம் மெதுவாகக் கேளுங்கள், போன வருசம் குளிசை ஒழுங்காகப் போட்டவரா என்று. அதட்டிக் கேட்டால் சொல்லமாட்டார்.


கணக்குவாத்தி எழுதியது:

மல்லாவியில் கணிதம் படிப்பிக்கிறேன். ஆகவே குறுக்கே வருவது என் தொழில், மன்னிக்க வேண்டும்.

ஒன்று, தைக்குப் பிறகு நம் பக்கம் வெயில் ஏறுகிறது. வெயில் காலத்தில் பிரஷர் கொஞ்சம் இறங்குவது பல நாடுகளில் பார்த்த விஷயம். இரண்டு, ஓர் அளவு மிகவும் உச்சத்தில் நின்றால் அடுத்த முறை பெரும்பாலும் இறங்கித்தான் நிற்கும், யார் வந்து குடியேறினாலும் குடியேறாவிட்டாலும். மூன்றாவதுதான் முக்கியம். தனிமை நோயைக் கொண்டுவருகிறதா, நோய் தனிமையைக் கொண்டுவருகிறதா? முழங்கால் நோகிறவர் கோயிலுக்குப் போகமாட்டார். சலரோகத்தில் கண் மங்கியவர் பக்கத்து வீட்டுக்குப் போகமாட்டார். பிறகு அவர் செத்தால் «தொடர்பில்லாதவர் செத்தார்» என்று கணக்கில் விழும்.

உறவைக் கூட்டிக் கொடுத்துப் பரிசோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மாரடைப்பு வந்தவர்களில், மனச்சோர்வு உள்ளவர்களும் ஆதரவு இல்லாதவர்களுமாக 2,481 பேரை எடுத்து, ஒரு பகுதியினருக்கு உளவியல் சிகிச்சை கொடுத்தார்கள். 2003இல் முடிவு வந்தது. மனம் தேறியது. ஆட்களோடு பழகுவதும் கூடியது. ஆனால் மாரடைப்புத் திரும்ப வருவதும் சாவும் குறையவில்லை.

முன்வளவு ஆச்சி நல்லவர்தான். அவரை மருந்துச் சீட்டில் எழுதுவதற்கு முன்பு கொஞ்சம் பொறுப்போம்.


ஓரமாய் நிற்பவன் எழுதியது:

வாத்தியார் படிப்பித்த வகுப்பில் எத்தனை பேருக்குப் பிரஷர் என்று யாரும் ஆராயவில்லையா?


பழைய தாதி எழுதியது:

// தனிமை நோயைக் கொண்டுவருகிறதா, நோய் தனிமையைக் கொண்டுவருகிறதா? //

இரண்டும்தான் வாத்தியார். ஆனால் முதலாவதுக்கும் சாட்சி இருக்கிறது. ஷெல்டன் கோஹென் என்பவர் 1997இல் ஒரு வேலை செய்தார். நல்ல சுகத்தோடு இருந்த 276 பேரைச் சம்மதத்தோடு கூட்டிவந்து, எத்தனை விதமான உறவில் இருக்கிறார்கள் என்று முதலில் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு தடிமன் வைரசை மூக்குக்குள் சொட்டுச் சொட்டாக விட்டார். எல்லோருக்கும் இரண்டு வகைத் தடிமன் வைரசில் ஏதோ ஒன்று. விதம்விதமான உறவு உள்ளவர்களுக்குத் தடிமன் குறைவாகப் பிடித்தது. மகனுக்குத் தாய், கோயிலில் தொண்டு, சங்கத்தில் பொருளாளர், பக்கத்து வீட்டுக்குப் பக்கத்து வீடு என்ற வகை எண்ணிக்கைதான் அங்கே பேசியது.

2010இல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் என்பவரும் கூட்டாளிகளும் 148 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட ஆட்கள். நல்ல உறவுகள் உள்ளவர்கள் உயிரோடு இருப்பதற்கான வாய்ப்பு 50 வீதம் கூடுதல் என்று வந்தது. «தனிமை என்றால் ஒரு நாளைக்குப் பதினைந்து சிகரெட்» என்று வாட்ஸப்பில் சுற்றுவதெல்லாம் அந்தக் கட்டுரையின் ஒரு வரைபடத்தில் இருந்து பிய்த்தெடுத்த துண்டு. அதை நானும் நம்பச் சொல்லமாட்டேன்.

உங்கள் 2,481 பேர் கதையில் வந்து கதைத்தவர் யார்? சம்பளத்துக்கு, நேரம் குறித்து, சில மாதத்துக்கு வந்து போன ஆள். முன்வளவு ஆச்சி அப்படி வரவில்லையே.


பனிமூட்டம் எழுதியது:

ஒட்டுசுட்டானில் பிறந்தவள், 2001இல் இருந்து ரொரன்ரோவில். இந்த இழையை வேலைக்குப் போகும் பஸ்ஸில் வாசித்துக்கொண்டு வருகிறேன். நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது.

அம்மா ஊரில் தனிய. நான் ஒருநாள் தவறாமல் எடுப்பேன். காலையில் வேலைக்கு இறங்குவதற்கு முன்பு எடுத்தால் அங்கே பின்னேரம். வீடியோவில் பாதி நேரம் தெரிவது கூரைத் தகரம்தான், போனை அப்படித்தான் பிடிப்பார். «சாப்பிட்டீங்களா?» «சாப்பிட்டன்.» «என்ன கறி?» «எல்லாம் இருக்கு பிள்ளை, நீ போர்த்திக்கொண்டு போ, குளிரும்.» இதுதான் எங்கள் கதை. வருசக்கணக்காக இதே கதை.

போன மார்கழியில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து கை வீங்கியிருக்கிறது. எட்டு நாள் எனக்குத் தெரியாது. எட்டு நாளும் கதைத்தோம். மற்றக் கையால் போனைப் பிடித்திருக்கிறார். பிறகு ஒருவர் செத்தவீட்டுக்குப் போய், அங்கே அம்மாவைக் கண்டு, இங்கே ரொரன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் நகரில் இருக்கும் தன் தம்பிக்குச் சொல்லி, அவர் கடையில் என்னைக் கண்டு, «உங்கட அம்மாவுக்குக் கை எப்படி?» என்று கேட்டபோதுதான் தெரியும்.

இவ்வளவு கதைத்தும் நான் அவருக்கு உறவா, ரேடியோவா?


வயல்காவல் எழுதியது:

தங்கச்சி, மனதைப் போட்டு உழப்பாதையுங்கோ. பக்கத்தில் இருக்கிறவனுக்கே தெரியாமல் போகிற காலம் இது.

அக்கராயன் பக்கம் கமம் செய்கிறேன். முன்பு அருவி வெட்டு என்றால் இருபது பேர். இன்றைக்கு என் வயல், நாளைக்கு உன் வயல் என்று மாறி மாறிக் கைமாற்றாக வெட்டுவோம். ஒருவர் வரவில்லை என்றால் பத்து மணித் தேத்தண்ணிக்குள் தெரிந்துவிடும். «என்னப்பா, அவனைக் காணேல்லை, காய்ச்சலோ?» என்று ஒருவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவான். இப்போது வெட்டு மெசின் வருகிறது. ஏக்கருக்குக் காசு, ஒரு மணித்தியாலத்துக்குள் வேலை சரி. டிரைவர் வேற்று ஊர்க்காரன். நான் வரம்பில் நிற்கிறேன், தனிய. மெசினைக் குறை சொல்லவில்லை, என் நாரி அதற்குத் தினமும் நன்றி சொல்கிறது. ஆனால் ஒருவன் வராததைக் கவனிக்கிற ஏற்பாடு அதோடு போய்விட்டது.

இரவுக் காவலும் அப்படித்தான். யானைக்கும் பன்றிக்கும் பரணில் கிடந்து, பக்கத்து வயல்காரனோடு விடியவிடியக் கதை. இப்போது மின்சார வேலி. யானை வருகிறது, கதை வருவதில்லை.

மிஞ்சியிருப்பது கமக்காரர் அமைப்புக் கூட்டம். அங்கே குளத்துத் தண்ணீர் திறக்கிற நாளுக்குச் சண்டை பிடிப்பதால் எல்லோருக்கும் பிரஷர் ஏறுகிறது. வாத்தியார் இதையும் குறித்துக்கொள்ளுங்கோ.


கச்சான் எழுதியது:

எல்லோரும் உறவு, அயல் என்று தேன் வடியக் கதைக்கிறீர்கள். நான் மற்றப் பக்கத்தைச் சொல்கிறேன்.

முறிகண்டிப் பிள்ளையாரடியில் கச்சான் விற்று இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிறேன். புருசன் 2009க்குப் பிறகு இல்லை. சில வருசங்களுக்கு முன்பு நுண்கடன் எடுத்தோம். ஐந்து பெண்கள் ஒரு குழு. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் கட்ட வேண்டும். கிழமைக்கு ஒருநாள் ஒரு வீட்டு முற்றத்தில் கூட்டம். காசு வராதவளுடைய பெயரை எல்லோர் முன்னும் வாசிப்பார்கள். அந்த ஐந்து பேரும் யார் தெரியுமா? மெனிக் பாம் அகதி முகாமில் ஒரே தறப்பாளுக்குக் கீழே படுத்தவர்கள். ஒரு வாளித் தண்ணீரை இரண்டு குடும்பத்துக்குப் பிரித்தவர்கள். அங்கே உடையாத சினேகிதம் இந்த முற்றத்தில் உடைந்தது. ஒருத்தி இரவோடு இரவாக ஊரை விட்டுப் போனாள். இன்னொருத்தி என்னைக் கண்டால் மற்றப் பக்கத்தால் கடக்கிறாள். அந்த ஒன்றரை வருசமும் எனக்கு நித்திரை இல்லை, மாதவிடாய் ஒழுங்கில்லை, தலைமயிர் கொட்டியது. தனியாக இருந்திருந்தால் சுகமாக இருந்திருப்பேன்.

பிறகு ஊர்வாய். புருசன் இல்லாதவள் வடிவாக உடுத்தால் ஒரு கதை. வீட்டு வேலி கட்ட ஆம்பிளை ஆள் வந்தால் ஒரு கதை. மெசின்காரன் தேத்தண்ணி குடித்தால் ஒரு கதை. அயலவர் கவனிக்கிறார்கள்தான் அண்ணை. எங்களை அளவுக்கு மேலே கவனிக்கிறார்கள்.


பழைய தாதி எழுதியது:

கச்சான் பிள்ளை சொன்னதற்குத் தலைகுனிகிறேன். இதை நான்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

கெட்ட உறவு உடம்பைப் பழுதாக்கும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 42 சோடிகளின் கையில் சின்னச் சின்னக் கொப்புளக் காயங்களை உண்டாக்கி, அவை ஆறுவதைப் பார்த்தார். 2005இல் வெளிவந்தது. ஒருவரையொருவர் குத்திக் கதைக்கிற சோடிகளுக்குக் காயம் ஆறிய வேகம் மற்றவர்களுடையதில் 60 வீதம்தான். அதற்குப் பத்து வருசத்துக்கு முன்பு அவரே, அறளை பெயர்ந்த (மறதி நோய் வந்த) உறவினரைப் பராமரிக்கும் பெண்களுக்கும் ஒரு சின்னக் காயம் வைத்துப் பார்த்தார். ஆற 48 நாளுக்கு மேல் எடுத்தது. அதே வயதுள்ள மற்றப் பெண்களுக்கு 39 நாள்.

சலரோகப் புண்ணுக்கு மருந்து கட்டிய காலத்தில், வீட்டில் சண்டை என்றால் புண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவோம் என்று நாங்கள் பகிடி விடுவதுண்டு. பகிடி இல்லை என்று இப்போது தெரிகிறது.


நந்திக்கரை எழுதியது:

நான் அதிகம் எழுதுவதில்லை. வாசித்துவிட்டுப் போகிறவள்.

என் அண்ணா 2009 வைகாசிக்குப் பிறகு இல்லை. இல்லை என்று எழுதவும் அம்மா விடமாட்டார், «காணேல்லை» என்று எழுது என்பார். 2017 பெப்ரவரி 20ஆம் தேதி கிளிநொச்சியில் கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கினார்களே, அம்மா அதில் முதல் கிழமையில் இருந்தே இருக்கிறார். வீட்டில் அம்மா அழுததை நான் கண்டதில்லை. அண்ணாவின் பெயரை எடுத்தால் எழும்பிப் போய் முற்றம் கூட்டத் தொடங்குவார். அந்தப் போராட்டக் கொட்டிலுக்குள் போனால் பக்கத்தில் இருக்கும் தாயின் மடியில் படத்தை வைத்துவிட்டு அழுவார். பிறகு இரண்டு பேரும் ஒரு பார்சலைப் பிரித்துச் சாப்பிடுவார்கள். கூட இருந்து மருந்து போடப்பண்ணுவார்கள். «உனக்குச் சீனி, நீ பிளேன்ரீ குடி» என்று அதட்டுவார்கள்.

இதை ஒருவர் ஒரு கூட்டத்தில் «நல்ல குழுச் சிகிச்சை» என்று சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. அவர்கள் சுகம் தேடி அங்கே போகவில்லை. பிள்ளை எங்கே என்று கேட்கப் போனவர்கள். அதற்குப் பதில் கிடைக்காமலே எத்தனையோ தாய்மார் செத்துப்போனார்கள். அந்தக் கொட்டில் அம்மாவின் உடம்பைத் தாங்கிப் பிடிக்கிறது, அது உண்மை. ஆனால் தாங்கிப் பிடிக்கத் தேவையில்லாமல் இருந்திருக்க வேண்டும்.

மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களைப் பற்றி எழுதும்போது கூட்டு மனவடு என்ற ஒன்றைச் சொல்வார். ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியே காயம் என்று பார்த்தால் போதாது, குடும்பம், ஊர், நம்பிக்கை என்ற பின்னல் முழுவதுமே அறுந்தது என்று. எங்கள் ஒழுங்கையில் ஆளை ஆள் நம்பிக் கதைக்கப் பயப்படுவதை நான் இன்றைக்கும் பார்க்கிறேன்.

சில இரவில் எனக்கும் எதற்கு இருக்கிறேன் என்று இருக்கும். இதையும் எழுதிவிட்டேன், அழிக்கவில்லை.


மட்டுறுத்துநர் எழுதியது:

நந்திக்கரை, எழுதியதற்கு நன்றி. அழிக்க வேண்டாம். உங்களுக்குத் தனிமடல் போட்டிருக்கிறேன், பாருங்கள். மற்றவர்களுக்கும் சொல்லி வைக்கிறேன்: தேசிய மனநல உதவி இலக்கம் 1926. தமிழிலும் கதைக்கலாம். இரவு என்றும் பார்க்கத் தேவையில்லை.


வயல்காவல் எழுதியது:

நந்திக்கரைத் தங்கச்சி, நானும் அந்த இரவுகளைக் கண்டவன். விடியப்புறம் நான் முழிப்பு. இங்கே வந்து ஒரு சொல் எழுதினால் பதில் போடுவேன். வயலில் நெற்வேர்க் இல்லாவிட்டால் மட்டும் பத்து நிமிசம் பிந்தும்.

ஆம்பிளையளைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. என் பக்கத்து வளவுக்காரர், பெயர் வேண்டாம், அறுபத்தைந்து வயது. மனிசி போன வருசம் மோசம் போனா. முப்பத்தொன்றுச் சடங்கு வரைக்கும் வீடு நிறைய ஆட்கள். அடுத்த நாள் வாடகைக் கதிரைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான். அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அந்த மனிசனுக்கு என்று ஓர் உறவும் இருக்கவில்லை. எல்லாம் மனிசியின் உறவு. பிள்ளைகள் போன் எடுப்பது அம்மாவுக்கு, «அப்பா பக்கத்தில நிற்கிறார், கதைக்கிறியோ?» என்று அவ கொடுத்தால் இவர் «ம், சரி, வைக்கிறன்» என்பார். கிளினிக் நாளும் அவவுக்குத்தான் தெரியும். இப்போது தவறணையில் மட்டும் ஆள் தெரிகிறார்.


கணக்குவாத்தி எழுதியது:

வயல்காவல் அண்ணை சொன்னதற்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் மனைவியை இழந்த, 55 வயதுக்கு மேற்பட்ட 4,486 ஆண்களைப் பார்த்தார்கள், 1969இல் வந்தது. முதல் ஆறு மாதத்தில் சாவு, அந்த வயதுக்கு எதிர்பார்ப்பதை விட 40 வீதம் கூடியது. பிறகு மெல்ல மெல்ல வழமைக்கு இறங்கியது. ஆகவே அண்ணை, நீங்கள் இன்றைக்கே அந்த வளவுக்குப் போங்கள். கணக்கு வாத்தி சொன்னான் என்று சொல்லத் தேவையில்லை, ஒரு பூசணிக்காயைக் கொண்டு போனால் போதும்.

பனிமூட்டம் கேட்ட கேள்விக்கும் ஒன்று. இங்கிலாந்தில் 52 வயதுக்கு மேற்பட்ட சுமார் 6,500 பேரைத் தொடர்ந்து பார்த்து 2013இல் எழுதினார்கள். ஆள் தொடர்பு இல்லாமல் இருப்பது ஒன்று, தனிமையாக உணர்வது இன்னொன்று என்று பிரித்துப் பார்த்தார்கள். உடம்பு நிலை முதலான மற்றக் காரணங்களைக் கழித்த பிறகு, சாவோடு தொடர்பு காட்டியது ஆள் தொடர்பு இல்லாமைதான். உணர்வு அல்ல. எல்லா ஆய்வும் இப்படிச் சொல்லவில்லை, சிலவற்றில் உணர்வும் தன் பங்குக்குத் தாக்குகிறது. ஆனால் உங்கள் அம்மாவின் வீங்கிய கையை நினைத்தால் எனக்கு இந்த ஆய்வுதான் ஞாபகம் வருகிறது. உங்கள் பாசத்தில் குறை இல்லை. பாசத்துக்குக் கிணற்றடி தெரியாது.


பழைய தாதி எழுதியது:

கச்சான் பிள்ளை சொன்ன ஊர்வாய்க்கு ஒரு வழி எனக்குத் தோன்றுகிறது. சிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர், கிளினிக் வளவில் ஒரு மரவாங்கைப் போட்டு, பயிற்சி கொடுத்த பாட்டிமாரை அதில் இருத்தினார். ஆட்கள் வந்து பக்கத்தில் இருந்து மனம் விட்டுக் கதைப்பார்கள். பாட்டி கேட்பார், என்ன செய்யலாம் என்று கூட இருந்து யோசிப்பார், வெளியே சொல்லமாட்டார். ஹராரேயில் 573 பேரை வைத்துப் பரிசோதித்து 2016இல் வெளியிட்டார்கள். வாங்கில் இருந்தவர்களுக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு மனச்சோர்வும் பதகளிப்பும் நன்றாகக் குறைந்திருந்தன. வாத்தியார், இது குலுக்கிப் பிரித்துச் செய்த பரிசோதனை, நீங்கள் கேட்ட மாதிரியே.

நம்முடைய கிளினிக்குகளில் வாங்கு இருக்கிறது. ஆச்சிமாரும் இருக்கிறார்கள். விடிய நாலரைக்கு நம்பர் எடுத்துவிட்டு, எட்டு மணி வரைக்கும் சும்மாதானே இருக்கிறார்கள்!


கச்சான் எழுதியது:

வெளியே சொல்லாத ஆச்சியை வன்னியில் எங்கே தேடுவது அக்கா? வட்டப்பளைப் பொங்கலுக்கு உப்புத் தண்ணீரில் விளக்கெரிகிற மாதிரி அதுவும் ஓர் அற்புதம்தான்.

ஆனால் சொல்லத்தான் வேண்டும். என்னைக் கண்டு மற்றப் பக்கத்தால் கடக்கிறவள் என்று எழுதினேனே, அவளுடைய மகளுக்குப் போன கிழமை டெங்கு. நான் பப்பாசி இலை கொண்டு போகவில்லை, அதெல்லாம் கதை. மகளோடு வார்டில் ஓர் இரவு நின்றேன், அவள் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரட்டும் என்று. காசுக் கதை ஒன்றும் கதைக்கவில்லை. இனியும் கதைப்போமோ தெரியாது.


குளக்கட்டு எழுதியது:

மன்னிக்க வேண்டும், சனி ஞாயிறு ஊருக்குப் போய்விட்டேன். தாதி அக்கா சொன்ன மாதிரி மெதுவாகக் கேட்டேன். முதலில் «ஓம் ஓம், போட்டனான்» என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் தேங்காய் துருவிக்கொண்டு இருந்தேன். கொஞ்ச நேரத்தில் தானாகவே சொன்னார்.

போன வருசம் பாதி நாள் போடவில்லையாம். «போட்டு என்னத்தை» என்று விட்டுவிட்டாராம். டொக்டர் கேட்டால் ஒழுங்காகப் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார், ஏச்சு வாங்கக் கூடாது என்று. அலுமாரிக்குள் ஒரு ஷொப்பிங் பை நிறையக் குளிசை. இப்போது இரவு எட்டு மணிக்கு முன்வளவு ஆச்சி வேலிக்கு மேலால் கூப்பிடுகிறார்: «போட்டிட்டியே?» அம்மா போட்டுவிட்டுத்தான் «ஓம்» என்று கத்துகிறார். ஆச்சிக்குப் பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாராம்.


கணக்குவாத்தி எழுதியது:

ஆகவே குறைத்தது மருந்துதான்!


பழைய தாதி எழுதியது:

சரி வாத்தியார், நீங்களே வென்றதாக இருக்கட்டும்.

தம்பி, இதைக் கவனமாகக் கேளுங்கள். போன வருசம் மருந்தைக் கூட்டியது, அவர் போடாத மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து. இப்போது கூட்டிய அளவு முழுவதையும் ஒழுங்காகப் போடுகிறார். படுக்கையால் எழும்பும்போது தலைசுற்று, கண் இருட்டு வருகிறதா என்று கேளுங்கள். அடுத்த கிளினிக்கில் உள்ளதைச் சொல்லச் சொல்லுங்கள், அளவைத் திருத்துவது டொக்டரின் வேலை. அதுவரைக்கும் நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். பையில் கிடக்கும் பழைய குளிசைகளை மறக்காமல் கிளினிக்கில் திருப்பிக் கொடுங்கள்.


குளக்கட்டு எழுதியது:

தலைசுற்று இருக்கிறதாம் அக்கா. விடியப்புறம் எழும்பினால் கொஞ்ச நேரம் கட்டிலில் இருந்துவிட்டுத்தான் நடக்கிறாராம். எனக்குச் சொல்லவில்லை, ஆச்சிக்குச் சொல்லியிருக்கிறார். புதன்கிழமை லீவு போட்டுக்கொண்டு நானும் கிளினிக்குக் கூடப் போகிறேன்.


பனிமூட்டம் எழுதியது:

இந்த இழையை வாசித்துவிட்டு ஒரு வேலை செய்தேன். அம்மாவின் பக்கத்து வீட்டு அக்காவின் இலக்கத்தைத் தேடி எடுத்தேன். இத்தனை வருசத்தில் அவரோடு ஒருநாளும் கதைத்ததில்லை. நேற்று எடுத்து, நான் இன்னாருடைய மகள், கனடாவில் இருந்து கதைக்கிறேன் என்றதும் அவர் பயந்துபோனார்.

«என்ன பிள்ளை, அம்மாவுக்கு ஏதுமோ?» என்று என்னைக் கேட்டார்.

இல்லையக்கா, சும்மாதான் எடுத்தேன் என்றேன். நம்பவில்லை. «நில்லு, ஒருக்கால் பார்த்திட்டு வாறன்» என்று போனை வெட்டாமலே வைத்துவிட்டுப் போனார். செருப்புச் சத்தம் கேட்டது. நாய் குரைத்தது. பிறகு எங்கள் வீட்டுப் படலை திறக்கிற சத்தம். அது இப்போதும் அதே மாதிரித்தான் கிரீச்சிடுகிறது.